பதினொரு மஞ்சள் ஹெல்மெட்

அன்புள்ள தோர்தீஸ் அக்காவுக்கு,

தம்பி எய்விந்த் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் உங்கள் நான்கு முழங்கால்களும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே ஆடுகள் சுகம். கூரை ஒழுகுகிறது, ஆனால் அடுப்புக்கு நேராக இல்லை என்பதால் அதையும் சுகத்தில் சேர்த்துக்கொண்டேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று மற்றதைவிட நாலு விரல் நீளம். பரவாயில்லை, குறை சொல்ல எழுதவில்லை. நான் சுகமா என்று நீ கேட்பாய். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை என் மகள் ஹல்பேராவுக்கு விசாரணை. செய்தியில் நீ கேட்டிருப்பாய், பனியாற்றில் ஒரு சுற்றுலாப் பயணியை விட்டுவிட்டு வந்த வழிகாட்டி என்று. பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் நம் ஊர்ப் பக்கம் பெண் வழிகாட்டி எத்தனை பேர் இருக்கிறார்கள்? உரிமம் போய்விடும் என்கிறார்கள். உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். ஒன்று, அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள், ஆகவே இந்தப் பனி வேலையைத் தலைமுழுகிவிட்டு அங்கே உன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது வேலைக்கு வந்துவிடச் சொல். இரண்டு, நான் இனி எழுதப்போவதைப் படித்து முடித்ததும் அடுப்பில் போடு. அத்தானுக்குக்கூடச் சொல்லாதே. அவர் ஊரார் வம்பளக்கும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்தால் அவருக்குள் இருப்பதெல்லாம் மிதந்து வெளியே வந்துவிடும், அது உனக்கும் தெரியும்.

முப்பத்தெட்டு வருஷம் பால் லாரி ஓட்டினேன், அதில் முப்பது வருஷம் ஊர் மீட்புக் குழுவிலும் இருந்தேன். குழுவாகப் புத்தாண்டுக்கு வாணவெடி விற்று வந்த காசில் கயிறு வாங்கி, அந்தக் கயிற்றில் தொங்கி, பனிப் பிளவுக்குள்ளிருந்து எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எப்படிப்பட்ட நிலையில் தூக்கினேன் என்பது உனக்குத் தெரியாது, சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. அப்படிப்பட்டவனுடைய ஒரே மகள் தினமும் பத்துப் பன்னிரண்டு அந்நியர்களைக் கூட்டிக்கொண்டு அதே பனியின்மேல் நடந்து, அதே பனிச்சுவரில் கோடாரியைக் கொத்தி ஏறச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் தகப்பன் வீட்டில் காபி குடித்துக்கொண்டு இருக்க முடியுமா? காலையில் ஒரு முறை போன் செய்து காற்று எப்படி என்று கேட்பேன். பத்து மணிக்கு ஒரு முறை. மதியம் இரண்டு முறை. போன மாதம் அவள் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்:

"அப்பா, நான் கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறப்ப சட்டைப் பையில போன் அடிக்குது. மேல ஒருத்தர் தொங்கிட்டு இருக்காரு. இப்ப நான் உங்களுக்குப் பதில் சொல்லணுமா, அவரைப் பிடிக்கணுமா?"

"ரெண்டும் செய்யலாம்ல."

"இனி போன் பண்ணாதீங்க. பனிப் பக்கமே வராதீங்க. உங்களப் பாத்தா எனக்குக் கயித்து மேல கவனம் நிக்காது."

நான் வாக்குக் கொடுத்தேன். போன் செய்வதில்லை என்ற பாதியைக் காப்பாற்றினேன். மற்ற பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அது நடந்த அன்று வியாழக்கிழமை. வானிலை அறிக்கை ஒன்று சொன்னது, என் இடது தோள் வேறொன்று சொன்னது. தோளைத்தான் நம்பினேன். கொட்டகையில் ஹல்பேராவின் பழைய கம்பெனி ஆரஞ்சு மழைச்சட்டையும் கம்பெனி மஞ்சள் ஹெல்மெட்டும் தொங்கின. இரண்டையும் போட்டுக்கொண்டு, பூட்சுக்கு அடியில் இரும்பு முள்களை மாட்டிக்கொண்டு, அவள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுக் கால் மணி கழித்து நானும் கிழக்குப் பக்கமாக ஏறினேன். பயணிகளுக்கும் கம்பெனி கொடுப்பது இதே உடுப்புதான், ஏன் அதைப் போட்டேன் என்று கேட்பாய். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பெனி ஆள் என்று நினைப்பார்கள், ஹல்பேராவுக்குச் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டேன். மூளையுள்ள திட்டம் என்று அப்போது தோன்றியது. இப்போது அந்த மூளையை எடுத்து நாய்க்குப் போடலாம் என்று இருக்கிறது, நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை குனிந்து ஓடினேன். அறுபத்தொன்பது வயதில் குனிந்து ஓடுவது என்பது, பார்ப்பவர்களுக்குக் கீழே எதையோ தேடுகிறான் என்றுதான் தெரியும். அவள் நன்றாகத்தான் வேலை செய்தாள் அக்கா, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு பேரும் பெங்குவின் போலக் காலை அகற்றி அவள் பின்னாலேயே நடந்தார்கள். எந்தப் பிளவு வந்தாலும் நின்று, ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தாண்டவைத்தாள். நான் பயப்பட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பனிச்சுவரை அடைந்ததும் அவள் மேலே கயிறு கட்டினாள். நாலு ஆள் உயரச் சுவர், நீலம். ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். நான் சற்றுத் தள்ளி ஒரு பனி மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து காய்ந்த மீனைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்தில் ஒருவர் ஒதுங்குவதற்காக அதே மேட்டுக்குப் பின்னால் வந்தார். தடித்த உடம்பு, நரைத்த மீசை, அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு சிரித்தார்.

"நீங்களும் எங்க கூட்டமா? பாக்கவே இல்லையே."

"கம்பெனி ஆளு. பாதுகாப்புக்காக." பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

"நல்லதாப் போச்சு. அந்தச் சுவத்துல ஏறணும்னா எனக்குப் பயம். கனடாவுல பஸ் ஓட்டறவன் நான். வின்னிபெக். எங்க ஊருல பனி உண்டு, ஆனா அது கீழ படுத்துக் கெடக்கும், இப்படி எழுந்து நிக்காது."

"நான் பால் லாரி."

அதைக் கேட்டதும் அவர் தன் ஜோலியை முடித்துக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேர் மெல்வின். மனைவி இறந்து ஒரு வருஷம். அந்த அம்மாள் இந்தப் பயணத்துக்கு இருவருக்குமாகப் பதிவு செய்து வைத்திருந்தாராம், அதனால் தனியாக வந்திருக்கிறார். பனியில் வண்டி வழுக்கினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்பதை இருவரும் ஒருவருக்கொருவர் விளக்கினோம், இருவருக்கும் தெரிந்ததுதான். அவருக்குப் பாதி மீன் கொடுத்தேன். செருப்பை மெல்வதுபோல மென்றார், ஆனாலும் முழுவதையும் தின்றார். ஹல்பேரா கூப்பிட்டதும் எழுந்து போனார். சுவரில் ஏறினார். நான் எட்டிப் பார்த்தேன். முக்கி முனகி, கால் உதற, உச்சி வரை போய்விட்டார். கீழே எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கையுறையோடு தட்டினேன், சத்தம் வரவில்லை.

அதன் பிறகு என் தோள் சொன்னது நடந்தது. கடலிலிருந்து மூடுபனி வந்து பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டது, கூடவே மழையும் பனியும் கலந்து அடித்தது. எல்லோரும் குல்லாயை இழுத்து மூக்கு வரை துணி கட்டிக்கொண்டார்கள். ஹல்பேரா கடைசி ஆளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துவிட்டு, வரிசையாக நிற்கச் சொல்லிச் சத்தம் கொடுத்தாள். எனக்கு முன்னால் என் கையே தெரியவில்லை. அக்கா, முப்பது வருஷம் மீட்புக் குழுவில் இருந்தவன் தன் வீட்டுக்குப் பின்னால் வழி தெரியாமல் நின்றேன். வெட்கம். ஒரு பக்கம் பயமும்தான். மேட்டை இந்தப் பக்கமாகச் சுற்றிவந்து, மூக்கு வரை துணியைக் கட்டிக்கொண்டு, வரிசையின் வால் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் எண்ணினாள். முன்னாலிருந்து நடந்து வந்து ஒவ்வொரு ஹெல்மெட்டாகத் தட்டினாள். என் தலையையும் தட்டினாள். நான் பூட்ஸைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பதினொண்ணு. சரி, கெளம்பலாம்," என்றாள். மாட்டிக்கொள்ளவில்லை என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சிரித்துக்கொண்டே நடந்தேன்.

சாம்பல் படிந்து பனி கறுப்பாக மாறும் இடம் உனக்கு நினைவிருக்கும். அங்கே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் கூட்டிப்போனது பதினொரு பேர். என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு வர வேண்டும்.

நின்று எண்ணினேன். எனக்கு முன்னால் பத்து. மறுபடி எண்ணினேன், பத்து. ஒருவர் மறைந்திருப்பார், மூடுபனி, என்று சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து எண்ணினேன். ஆறு முறை எண்ணினேன் அக்கா. ஆறாவது முறை எண்ணும்போதே நரைத்த மீசையைத்தான் தேடினேன். எல்லோர் முகத்திலும் துணி.

உடனே கத்தியிருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். ஆமாம். அங்கிருந்து பனியின் விளிம்பு வரை கால் மணி நடை. நான் கத்தவில்லை. கத்தினால் ஹல்பேரா திரும்புவாள், என்னைப் பார்ப்பாள். அவள் முன்பே தப்பாக எண்ணியிருக்கலாம், பத்து பேர்தான் வந்திருக்கலாம், ஒருவர் கால் வலி என்று வழியிலேயே திரும்பியிருக்கலாம் என்று அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் ஒரு சாக்கு தயாரித்தேன். விளிம்பில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், அங்கே மறுபடி எண்ணுவாளே, அப்போது சரியாகிவிடும் என்று நடந்தேன். எது சரியாகும்? நான் அந்த வரிசையில் நிற்கும்வரை அவள் எத்தனை முறை எண்ணினாலும் சரியாகத்தான் வரும்.

விளிம்புக்கு வந்ததும் எண்ணினாள். "பதினொண்ணு. எல்லாரும் வந்தாச்சு." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் துணியை இறக்கினேன்.

அவள் கத்தவில்லை. திட்டவில்லை. "அப்பா," என்றாள், அவ்வளவுதான். பிறகு என் தோளுக்கு மேல் மூடுபனியைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எப்ப சேந்தீங்க?"

"சுவத்துக்கிட்ட."

"எப்பத் தெரிஞ்சுது?"

பனி கறுப்பாக மாறும் இடத்தின் பக்கம் கை காட்டினேன். அங்கிருந்து கால் மணி நடை என்று அவளுக்குத் தெரியும். ரேடியோவில் மீட்புக் குழுவைக் கூப்பிட்டாள். தனியாகத் திரும்பிப் போகக் கூடாது என்பது விதி. அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவங்கள வண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. செப்டம்பர்ல ஆட்டத் தொழுவத்துல அடைக்கறப்ப ஒவ்வொண்ணா காதப் புரட்டி நம்ம வெட்டு அடையாளம் இருக்கான்னு பாக்கச் சொல்லிக் குடுத்தீங்க. நான் ஹெல்மெட்டத் தட்டிட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பத்து பேரும் நாங்கள் நம் மொழியில் ஏதோ வேலை விஷயம் பேசுகிறோம் என்று நினைத்து, எனக்கு நன்றி சொல்லி, வண்டிக்கு முன்னால் என்னை நிற்கவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

மீட்புக் குழு வந்தது. தலைவன் கோல்பெய்ன், நான் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்த பையன், இப்போது அவனுக்கே பேரன் இருக்கிறான். என்னைப் பார்த்து, "என்னண்ணே, ஓய்வு எடுத்தாச்சுன்னு சொன்னாங்க, உடுப்பு மட்டும் புதுசா இருக்கே," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியிலிருந்து கயிற்றை இறக்க ஆரம்பித்தான். மேலே வர நான் அனுமதி கேட்டேன். "வேண்டாம்ணே, உங்களையும் எண்ண வேண்டியிருக்கும்," என்றான். அவன் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னான்.

இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். அதே மேட்டுக்குப் பின்னால் இருபதடி தள்ளி, உருகும் நீர் குடைந்த குழி. இரண்டு ஆள் ஆழத்தில் இடுப்பு வரை சிக்கி நின்றிருக்கிறார். ஹல்பேரா ஏற்கெனவே இறங்கி அவரைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். உயிர் இருந்தது. வலது கால் அத்தனை நேரமும் ஓடும் பனி நீரில் இருந்திருக்கிறது. தலைநகருக்கு ஹெலிகாப்டரில் கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். பிரேக்கை மிதிக்கிற கால், அக்கா.

அன்று இறங்கி வந்த கோல்பெய்னிடம் கேட்டேன், "கால் மணி முன்னாடி வந்திருந்தா?" என்று. அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அது யாருக்குண்ணே தெரியும்," என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்ல நாக்கு கூசுகிறது. மெல்வின் கண் விழித்ததும் போலீஸிடம் சொல்லியிருக்கிறார்: மேட்டுக்குப் பின்னால் ஒரு நல்ல பெரியவர் இருந்தார், எனக்கு மீன் கொடுத்தார், சுவர் ஏறி இறங்கினதும் அவருக்கு என் சாக்லேட்டில் பாதி கொடுக்கலாம் என்று திரும்பிப் போனேன், அவரைக் காணவில்லை, தேடிக்கொண்டு நாலடி வைத்தேன். அவர் அந்தப் பக்கமாகப் போகும்போது நான் இந்தப் பக்கமாகச் சுற்றி அவருடைய இடத்தில் போய் நின்றிருக்கிறேன். போலீஸ்காரர் அதைக் குளிரில் மூளை கலங்கிய உளறல் என்று குறித்துக்கொண்டார். நர்ஸ் ஒரு படி மேலே போய், பாறைக்குள்ளும் பனிக்குள்ளும் வாழும், கண்ணுக்குத் தெரியாத மறைவு மக்கள் இப்படித்தான் தின்பண்டம் கொடுத்து ஆளை இழுப்பார்கள், தன் பாட்டிக்குப் பாட்டி பார்த்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். இப்போது ஊர் முழுக்க அதே பேச்சு. வெந்நீர்த் தொட்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடமே சொல்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன். இத்தனை வருஷம் ஒரு பேயைக்கூட நம்பாதவன், கடைசியில் நானே ஒன்றாகிவிட்டேன்.

ஹல்பேரா அறிக்கையில் ஒரே வரி எழுதியிருக்கிறாள்: மூடுபனியில் தப்பாக எண்ணிவிட்டேன். என் பெயர் இல்லை. கம்பெனி முதலாளி கிஸ்லியிடமும் அதையே சொன்னாள். நான் வாயைத் திறந்தபோது தடுத்துவிட்டாள்.

"நீங்க வந்ததச் சொன்னா என்ன ஆகும்? மீட்புக் குழுவுல உங்க படத்தச் சுவத்துல மாட்டி வச்சிருக்காங்க. கழட்டிருவாங்க. போலீஸ் வேற. முகத்தப் பாக்காம எண்ணினது நான்தான். விட்டுருங்கப்பா."

"உன் வேலை போயிடும்டி."

"போகட்டும். அதத்தான கேட்டுட்டு இருந்தீங்க."

ஆகவேதான் அக்கா உனக்கு எழுதுகிறேன். நடந்தது நடந்துவிட்டது. என் பெயர் வந்தால் அந்தக் கால் முளைத்துவிடப் போவதில்லை. அவள் மனசு மாறுவதற்கு முன்னால் நீ பேசி அங்கே வரவழைத்துவிடு. பனி இல்லாத வேலை ஏதாவது, அவள் நன்றாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். கடிதத்தை மறக்காமல் எரித்துவிடு. அத்தானுக்கு என் அன்பு, உன் மகன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஆசிகள், செம்மறிக்கடாவை இந்த வருஷமாவது விற்கச் சொல். காற்று உங்கள் வீட்டைச் சுற்றிப் போகட்டும், மீன் உங்கள் படகைத் தேடி வரட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
எய்விந்த்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குளியலறையில் ஹல்பேராவின் குரல் கேட்டது. வெள்ளிக்கிழமைக்காகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். "நான் தப்பா எண்ணிட்டேன். நான் தப்பா எண்ணிட்டேன்." ஒரு முறை சொல்லிவிட்டு, குரல் சரியில்லை என்று மறுபடி. ஐந்து வயதில் ஆட்டுத் தொழுவ வேலியில் உட்கார்ந்து என் ஆட்டுக் கணக்கைத் திருத்திய பெண் அவள், ஒரு நாளும் எண்ணிக்கை தவறியதில்லை. கதவுக்கு வெளியே நின்று அவள் நன்றாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும்வரை கேட்டேன். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போய் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் முழுக்கப் படித்து, நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்துக் காபிக் கறை அவருடையது. மேலே கேட்ட எதையும் செய்யாதே. அவளைக் கூப்பிடாதே. அவளுக்கு உரிமம் மிஞ்சினால் பனிக்கே போகட்டும். கடிதத்தை எரிக்காதே, அத்தானிடம் கொடு, தொட்டியில் சத்தமாகச் சொல்லச் சொல். நாளை காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மெல்வினிடம் என் பெயரைச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னது தெரிந்ததிலிருந்து ஹல்பேரா என்னுடன் பேசுவதில்லை, மேஜையில் காபியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். கடிதம் நீளமாக இருக்கிறது, கோப்புக்குச் சுருக்கமாக ஒன்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று அதிகாரி ஒரு தாளை நீட்டினார். எழுதினேன்: என் மகள் எண்ணியதில் பிழை இல்லை. பதினொரு பேர்தான் நின்றோம். பதினோராவது ஆள் நான்.